நாற்பத்தொரு உரிமங்களும் ஒரு நாற்காலியும்

லவோன் பிராக்கைப் பற்றி எழுத உனக்கு என்னய்யா தகுதி என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவரை ஒன்பது மாதம் உளவு பார்த்தவன் நான். கட்டிய கணவன்கூட அவரை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டான். அவன் கல்யாணமான நான்காம் வருஷமே நெவாடா பக்கம் போய்விட்டான் என்பது பிறகு தெரிந்தது.

என் பெயர் ஆர்விஸ் டிட்மர். காது கேட்கும் கருவி விற்கிறேன். வயோமிங்கில், பிட்டர் ஃபோர்க் கடைத்தெருவில், ஹோபர்ட்டின் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் என் அறை. டிராக்டர் ஓட்டிக் காது போன பண்ணைக்காரர்களை மனைவிமார் இழுத்துக்கொண்டு வருவார்கள். சோதித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு நன்றாகவே கேட்கும், மனைவி பேசுவது மட்டும்தான் கேட்காது. இருபத்தாறு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் மனுஷனை எப்படி நம்புவான்? பெட்ரோல் போடும்போது மீட்டரை நம்பமாட்டேன். ரேடியோவில் பனி இல்லை என்றால் மண்வாரியை எடுத்து வாசலில் வைப்பேன். "கர்த்தரே நேர்ல வந்தாலும் அடையாள அட்டை கேட்பீங்க" என்பாள் என் மனைவி ஐரீன். கேட்டால் என்ன தப்பு என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

1995 செப்டம்பரில் எனக்கு எதிர் அறை வாடகைக்குப் போனது. மேலே கண்ணாடி பதித்த கதவு. அதில் ஓர் ஆள் காலை நேரம் முழுக்க நின்று பெயர் எழுதினான். ஒரு பெயர், அதற்குக் கீழே இன்னொரு பெயர், அதற்கும் கீழே இன்னொன்று. மதியச் சாப்பாட்டுக்குள் கண்ணாடி நிறைந்துவிட்டது, மரத்திலும் எழுத ஆரம்பித்தான். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. எல்லாம் ஏதோ வசூல் நிறுவனம், ஏதோ கடன் மீட்புச் சேவை. ஒன்று ஒஹாயோவில், ஒன்று ஃப்ளோரிடாவில், நாலைந்து டென்வரில். அத்தனைக்கும் சேர்த்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே போனது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. என் சுவரிலும் மாநிலம் கொடுத்த உரிமம் தொங்குகிறது. ஓர் ஆள், ஓர் அறை, ஓர் உரிமம். அதை வாங்க நான் பரீட்சை எழுதினேன். இங்கே ஒரு பெண்மணிக்கு நாற்பத்தொன்றா?

கடன் வசூல்காரர்கள் என்றாலே எனக்கு ஆகாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஐரீன் இறந்துபோன வருஷம் ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பகுதி நின்றுபோய், ஒருவன் போன் பண்ண ஆரம்பித்தான். பெயர் கிராண்ட் என்றான். அடுத்த வாரம் வேறு குரல், அதுவும் கிராண்ட். இரண்டு கிராண்ட்டுகளும் சேர்ந்து மூன்று மாதம் என்னைத் தின்றார்கள். "உங்க மனைவி வாங்கிட்டுப் போன கடன் சார்" என்றான் ஒருவன். வாங்கிட்டுப் போனாளாம்! அவள் வாங்கிப் போனது ஒரு நீல கவுன் மட்டும்தான், அதுவும் நான் எடுத்துக் கொடுத்தது. கத்திக் கத்தித் தொண்டை போய், கடைசியில் கட்டித் தொலைத்தேன். அன்றிலிருந்து அந்தத் தொழிலின் வாசனை பட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஆகவே ஒரு நோட்டு வாங்கினேன். நீல அட்டை, கோடு போட்டது. துப்பறியும் கதையில் வருகிற ஆள் மாதிரி என்றெல்லாம் நினைக்கவேண்டாம், என் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான். ரேடியேட்டர் சூடு தாங்கவில்லை என்று சாக்குச் சொல்லி என் கதவைத் திறந்தே வைத்தேன்.

முதல் பக்கத்திலிருந்து சில வரிகள். "8:55 வந்தது. 9:00 கதவில் 'திறந்திருக்கிறது' அட்டை. 12:00 சூப் வாசனை, வெளியே போகவில்லை. 5:00 அட்டை திருப்பப்பட்டது. நாள் முழுக்க யாரும் வரவில்லை." இரண்டாம் நாள் அதே. மூன்றாம் நாள் அதே. யாரும் வராத ஒரு கடையை ஒருத்தர் நிமிஷம் பிசகாமல் திறந்து மூடுகிறார் என்றால் உள்ளே வேறு வியாபாரம் நடக்கிறது என்றுதானே அர்த்தம்? சந்தேகம் வந்த பிறகு எதைப் பார்த்தாலும் அதற்கேற்ற மாதிரியே இருந்தது. டிசம்பர் கடைசியில் சட்டம் போட்ட படங்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போனார், வேறு கட்டோடு வந்தார். "நகல் எடுக்கிறார்களா?" என்று குறித்தேன். ஏப்ரலில் ஒரு நாள் மதியம் உள்ளே இரண்டு ஆண்களின் குரல். யாரும் உள்ளே போய் நான் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஹோபர்ட்டிடம் சொன்னேன். கட்டடமும் அவனுடையது, கடையும் அவனுடையது, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழக்கம்.

"யோவ் டிட்மர், அந்தம்மா மாசம் ஒண்ணாந்தேதி வாடகை குடுக்குது. நீ ஒன்பதாந்தேதி குடுக்கிற. இதுல யாரை நான் சந்தேகப்படணும்?"

"நாப்பத்தோரு கம்பெனிடா. ஒரு ரூம்ல."

"என் கடையில நாலாயிரம் தினுசு ஆணி இருக்கு. அதுவும் ஒரு ரூம்தான்."

"விளையாடாத."

"நீதான்யா விளையாடுற. பாத்து, கழுத்து சுளுக்கிக்கப் போவுது."

இவன் பேச்சைக் கேட்கிறவனா நான்? அதே டிசம்பரில் மாடிக் கழிப்பறையின் குழாய் குளிரில் வெடித்துவிட்டது. கீழே கடை நிறையக் குழாய் வைத்திருக்கிறான் ஹோபர்ட், மேலே ஒரு குழாய் மாற்ற அவனுக்குக் கை வரவில்லை. நாங்கள் எல்லோரும் அவன் கடைக்குப் பின்னால் நிலவறைக்குப் போய்வர வேண்டியதாயிற்று. அந்தப் பெண்மணி கதவைப் பூட்டிவிட்டு தினமும் ஒரே நேரத்துக்குப் போவார். "2:10 இறங்கியது. 2:14 ஏறியது." எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன்.

ஜனவரி பதினேழாம் தேதிக்கும் ஒரு வரி உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் மாநிலத் தலைநகரத்துக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். கடன் வசூல் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கிற வாரியம் அங்கே இருக்கிறது. பிட்டர் ஃபோர்க்கில் ஓர் அறையில் நாற்பத்தொரு நிறுவனங்கள் பெயர்ப்பலகை மட்டும் மாட்டியிருப்பதாகவும், அலுவலகம் என்பது கண்துடைப்பு என்றும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போடவில்லை. அதுவரை மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களைக் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தவன்தான் நான்.

மே பதினான்காம் தேதி. என் நாற்காலியில் ஒரு கிழவர், இரண்டு காதிலும் மெழுகு ஊற்றி அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். பழுப்புத் தொப்பி போட்ட ஓர் ஆள் படியேறி வந்து எதிர்க் கதவைத் தட்டினார். பிடியைத் திருகினார். பூட்டியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு என் வாசலில் வந்து நின்றார்.

"சார், இந்த ஆபீஸ்ல ஆள் இருந்து பாத்திருக்கீங்களா?"

அவரை ஏற இறங்கப் பார்த்தேன். புது ஷூ, ஒடுங்கிய மீசை. கூட்டாளி, என்று தீர்மானித்துவிட்டேன். நான் எவ்வளவு பார்த்திருக்கிறேன் என்று நூல் விட்டுப் பார்க்கிறான். எனக்கா காதில் பூ சுற்றுகிறான்?

"எனக்குத் தெரியாதுங்க. நான் யாரையும் கவனிக்கிறதில்ல" என்றேன்.

"ஒரு தடவைகூடப் பாத்ததில்லையா?"

"என் வேலையே எனக்குச் சரியா இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். கீழ்ப்படியில் அவர் காலடி ஓய்ந்ததும், பின்படி வழியாக லவோன் பிராக் ஏறி வந்து கதவைத் திறந்தார். கிழவர் காதில் மெழுகு காய்வதற்குள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி முடித்தேன்.

மூன்று வாரம் கழித்து என் கதவில் ஒருவர் தட்டினார். திறந்திருக்கிற கதவில் தட்டுகிறவர்கள் குறைவு. நிமிர்ந்தால், எதிர் அறைப் பெண்மணி. கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். அறுபதை நெருங்கும் வயது. கோட்டின் கைமுனை நைந்து, அதே நிற நூலில் சீராகத் தைக்கப்பட்டிருந்தது.

"மிஸ்டர் டிட்மர், ஒரு உதவி. அஞ்சு நிமிஷம் என் ரூமுக்கு வர முடியுமா? நான் ரொம்ப நேரம் வெளிய நிக்கக் கூடாது."

"ஏன், நின்னா என்ன?"

"ஆபீஸ் நேரம்."

போனேன். ஒன்பது மாதமாகக் காத்திருந்த வாய்ப்பு, விடுவேனா? உள்ளே கள்ளநோட்டு எந்திரம் எதுவும் இல்லை. மேஜை, தொலைபேசி, சூப் குடுவை, சின்ன ரேடியோ. மூன்று சுவரிலும் சட்டம் போட்ட உரிமங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் பெயர். எல்லாவற்றிலும் கீழே ஒரே பெயர்: உள்ளூர் மேலாளர், லவோன் பிராக்.

"இதெல்லாம் என்ன?"

"கவர்மெண்ட் சட்டம்" என்றார். "வெளியூர்க் கம்பெனி இந்த மாநிலத்துல கடன் வசூல் பண்ணணும்னா லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் வேணும்னா ஜாமீன் கட்டணும், இங்க ஒரு ஆபீஸ் வெக்கணும், பொறுப்பான ஆள் ஒருத்தர் அதுல உக்காந்திருக்கணும். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா ஆள் போடுமா? என்னைய மாதிரி ஒருத்தரை எல்லாரும் சேந்து போட்டுக்குவாங்க. வருஷக் கடைசியில எல்லாத்தையும் புதுப்பிச்சு, பழசக் கழட்டி, புதுச மாட்டணும்."

"உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

"யாராச்சும் படியேறி வந்து, 'இந்த பில்லு என்னது, நான் எதுக்குக் கட்டணும்'னு கேட்டா, மனுஷ மூஞ்சி ஒண்ணு பதில் சொல்லணும். அதுக்குத்தான். எழுதி வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பினா, அவங்க கணக்கக் காட்டுற வரைக்கும் போன் பண்ணக் கூடாது."

"எத்தன பேரு வந்தாங்க?"

அவர் மேஜையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். வருகைப் பதிவேடு. பெயர், தேதி, வந்த காரணம் என்று மூன்று பத்திகள். இந்தக் கட்டடத்துக்கு வந்த பிறகு எல்லாம் வெள்ளைத் தாள்.

"பழைய கட்டடத்துல பத்து வருஷத்துல பதினோரு பேரு. இங்க ஒருத்தரும் வரல. இப்படி ஒரு எடம் இருக்குன்னே ஜனங்களுக்குத் தெரியாது. பில்லுல பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருப்பாங்க."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வரிசையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஒரு பெயர். இரண்டு கிராண்ட்டுகளின் நிறுவனம். மூன்று தெரு தள்ளி இருந்திருக்கிறார் இந்தப் பெண்மணி, நான் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் நின்றிருக்குமாம்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று கேட்காதீர்கள், எதிரே இருந்தவர்மேல்தான் வந்தது.

அவர் ஒரு தாளை நீட்டினார். வாரியத்தின் நோட்டீஸ். அலுவலகம் நடப்பதில்லை என்று புகார் வந்ததாம். ஆய்வாளர் மே பதினான்கு அன்று அலுவலக நேரத்தில் வந்தபோது பூட்டியிருந்ததாம். "எதிர் அறையில் தொழில் செய்பவரும் இங்கே யாரையும் ஒருபோதும் கண்டதில்லை என்று தெரிவித்தார்." ஜூன் இருபதாம் தேதி நேரில் வந்து நிரூபிக்காவிட்டால் அவருடைய மேலாளர் உரிமம் ரத்து.

"என் லைசென்ஸ் போச்சுன்னா நாப்பத்தொண்ணும் என்னை விட்டுப் போயிரும். இந்த வயசுல எனக்கு வேற யாரு வேலை குடுப்பா?" என்றார். "அன்னைக்கு நான் கீழ பாத்ரூம் போயிருக்கணும். வேற எங்கயும் நான் போறதில்ல. ஆனா அதுக்கு சாட்சி யாரு? நீங்க கதவத் திறந்து வெச்சு உக்காந்திருக்கீங்க. தினம் நான் வர்றதப் பாத்திருப்பீங்கள்ல? ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

"நான் கவனிக்கிறதில்லம்மா" என்றேன், கிராண்ட்டுகளின் உரிமத்தைப் பார்த்தபடி.

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

"சரிங்க. தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க" என்று அவர் கதவு வரை வந்து வழியனுப்பினார்.

ஐந்து மணிக்கு அவர் போனதும் நோட்டை எடுத்தேன். எனக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு. சொன்னதில் எது பொய் என்று சரிபார்க்கத்தான் மே பதினான்கைத் திருப்பினேன். என் கையெழுத்திலேயே இருந்தது. "2:10 இறங்கியது. 2:11 பழுப்புத் தொப்பி, ஒடுங்கிய மீசை, கதவைத் தட்டினான், பிடியைத் திருகினான். என்னிடம் நூல் விட்டான், நான் பிடி கொடுக்கவில்லை. 2:13 போனான். 2:14 ஏறியது, கதவு திறந்தது. இருவரும் சந்திக்கத் தவறிவிட்டார்களா, அல்லது நாடகமா?"

இரண்டு தரம் படித்தேன். பிறகு முன்பக்கங்களைப் படித்தேன். செப்டம்பரிலிருந்து ஒரு வேலை நாள் விடாமல் அந்தப் பெண்மணி வந்து உட்கார்ந்து போயிருக்கிறார். வயோமிங் மாநிலம் முழுக்கத் தேடினாலும் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பொய்யைப் பிடிக்க வாங்கிய நோட்டு அது. மொத்த நோட்டிலும் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான். அதுவும் ஒரே பொய்யை இரண்டு தடவை.

கீழே போய் ஹோபர்ட்டிடம் கொட்டிவிட்டேன். கடிதம் உட்பட. அவன் கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தேன். பண்ணவில்லை. பெட்டியிலிருந்த ஆணிகளைக் கையால் அளைந்துகொண்டே இருந்தான்.

"நோட்டக் குடுத்தா லெட்டர் எழுதினது நீன்னு தெரிஞ்சு போவும்" என்றான்.

"தெரியும்."

"அந்தம்மா பாத்ரூம் போன நேரத்த எழுதி வெச்சிருக்கேன்னும் தெரியும்."

"தெரியும்டா."

"நான் உன் எடத்துல இருந்தா ஊரை விட்டே போயிருப்பேன்" என்றான். பிறகு, "போயிட்டு வா. நாளைக்கே குழாய மாத்திடறேன்" என்றான்.

ஜூன் இருபதாம் தேதி தலைநகரத்துக்கு மூன்றரை மணி நேரம் கார் ஓட்டினேன். காற்று லாரிகளையே தள்ளுகிற அளவுக்கு அடித்தது, திரும்பிப் போய்விட இது போதுமான காரணமா என்று பல தடவை யோசித்தேன். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி, வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி. இந்தப் பக்கம் லவோன் பிராக் தனியாக, மடியில் வருகைப் பதிவேட்டோடு. வெள்ளைத் தாளைச் சாட்சியாகக் கொண்டுவந்திருக்கிறார், வேறு என்னதான் கொண்டுவருவார்? சுவரோரம் பழுப்புத் தொப்பி. என்னைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

பேச அனுமதி கேட்டேன். நோட்டை மேஜைமேல் வைத்தேன்.

தலைவி புரட்டினார். "இது என்ன மிஸ்டர் டிட்மர்?"

"அந்தம்மா வந்த நேரம், போன நேரம். செப்டம்பர்லேருந்து நேத்து வரைக்கும்."

"யார் எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"அப்ப எதுக்கு எழுதினீங்க?"

கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்தேன். லவோன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சந்தேகப்பட்டேங்க. புகார் லெட்டரும் நான்தான் எழுதினேன். அந்த சார் வந்து கேட்டப்ப நான் சொன்னது பொய். இந்த அம்மா நேர்ல வந்து கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

பழுப்புத் தொப்பி தன்னைப் பற்றிய வரியைத் தானே படித்தார். ஒடுங்கிய மீசையைத் தடவிக்கொண்டார். தன் குறிப்பேட்டைப் பார்த்து, "ரெண்டு பதினொண்ணு. நேரம் சரியா இருக்கு" என்றார். இன்னொரு உறுப்பினர் ஏப்ரல் பக்கத்தைத் தட்டி, "இதென்ன, ரெண்டு ஆம்பளக் குரல்?" என்று கேட்டார்.

"பேஸ்பால் வர்ணனை" என்றார் லவோன். அன்று அவர் வாயைத் திறந்து சொன்ன முதல் சொல். "சத்தம் கம்மியாத்தான் வெப்பேன்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். தலைவி நோட்டை லவோன் பக்கம் தள்ளினார். "மிஸஸ் பிராக், நீங்களே ஒரு தடவை பாத்து, தேதியெல்லாம் சரிதானான்னு சொல்லுங்க. ஜனவரி பதினேழுல லேட்டுன்னு இருக்கு. அது ஒண்ணுதான் இடிக்குது."

அவர் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். அவருடைய ஒன்பது மாதமும் என் கோணல் கையெழுத்தில். ஓரிடத்தில் நின்றார். எனக்கு அந்த வரி மனப்பாடம். "9:40 வந்தது. 'பத்து மணிக்குத் திறக்கும்' என்று கதவில் முன்னமே சீட்டு. கண் சிவந்திருந்தது. குடியா?"

"தேதி சரிதாங்க" என்றார். "அன்னைக்குக் காலைல அஞ்சு மணிக்கு என் தம்பி செத்துப்போனான். சுரங்கத்துல வேலை பாத்தவன், நுரையீரல் போயி ஆறு வருஷமா என் வீட்டுலதான் இருந்தான். சடங்குக்காரங்க வந்து உடம்ப எடுத்துட்டுப் போக எட்டரை ஆயிருச்சு. ஊர் இருபத்திரண்டு மைல். அதுக்கு முந்தின நாள் சாயங்காலமே நிலைமை தெரிஞ்சுதான் சீட்டு ஒட்டிட்டுப் போனேன்."

"அன்னைக்காவது மூடியிருக்கலாமே" என்றார் தலைவி.

"எனக்குப் பதிலா உக்கார யாரு இருக்கா? திறந்திருக்கணும்னு சட்டம் சொல்லுதே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஐரீன் போன மறுநாள் நானும் கடையைத் திறந்தவன்தான். வீட்டில் இருக்க முடியாமல் திறந்தேன். அன்றைக்கு என் கண்ணும் சிவந்துதான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு நாளிதழில் மரணச் செய்திப் பக்கத்தை நான் புரட்டுவதே இல்லை. புரட்டியிருந்தால் அவர் தம்பி பெயர் அதில் இருந்திருக்கும்.

உரிமம் தப்பியது. இனி இரண்டு நிமிஷம் நகர்ந்தாலும் கதவில் சீட்டு ஒட்டவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்து அவரைத் தேடினேன். அவருடைய பழைய ஃபோர்டு ஏற்கெனவே தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அலுவலகத்தை மூன்று மணிக்குத் திறப்பதாகச் சீட்டு ஒட்டிவிட்டு வந்திருப்பார், வேறென்ன.

மறுநாள் 8:55க்குப் படியில் காலடி கேட்டது. கையில் பேனா இல்லாமல் அதைக் கேட்பது வினோதமாக இருந்தது. 9:00 அட்டை திரும்பியது. நான் என் கதவில் 'சற்று நேரத்தில் வருகிறேன்' என்று ஒரு சீட்டை ஒட்டினேன். எதிரே நாலு தப்படிதான். அவ்வளவு நீளமான நாலு தப்படியை நான் நடந்ததில்லை. தட்டினேன்.

"திறந்துதான் இருக்கு" என்றார்.

உள்ளே போய் நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தார். "ஆபீஸுக்கு வர்றவங்க எழுதணும்."

பெயர் எழுதினேன். தேதி எழுதினேன். மூன்றாவது பத்தியில் கை நின்றது. வந்த காரணம். சுவரில் நாற்பத்தொரு உரிமங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. கடைசியில், 'துக்கம் கேட்க' என்று எழுதினேன்.

அவர் புத்தகத்தைத் திருப்பிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை படித்தார்.

"அஞ்சு மாசம் லேட்டு, டிட்மர்" என்றார். பிறகு, ஒன்பது மாதமாக யாரும் உட்காராத அந்த இரண்டாவது நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.